சிரித்த முகத்தில் வைத்த விரல்

ஜூன் 9

காலையிலிருந்து ஐந்து குழந்தைகள். மூன்று பேர் அழுகை, ஒருத்தன் என் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கிவிட்டான், ஒருத்தி வாயையே திறக்கவில்லை. வழக்கமான திங்கட்கிழமை.

அக்கா போனில் கேட்கிறாள், “பல் டாக்டருக்குப் படிச்சுட்டு, புள்ளைங்க அழறத அளந்துக்கிட்டு இருக்கியாமே?” அழுகையை இல்லை, பயத்தை என்றேன். நாற்காலியில் உட்காரும் குழந்தையின் விரலில் துடிப்பு பார்க்கும் கிளிப். நாக்குக்கு அடியில் கொஞ்சம் பஞ்சு. மன அழுத்தம் ஏறினால் எச்சிலில் ஒரு ஹார்மோனும் ஏறும், அதைப் பார்க்க. கடைசியில் ஐந்து முகங்கள் வரைந்த அட்டை: வாய்விட்டுச் சிரிக்கும் முகம் தொடங்கி ஓவென்று அழும் முகம் வரை. உன் மனசு இப்போ எந்த மூஞ்சி மாதிரி இருக்கு? இதுதான் என் மேற்படிப்பு ஆய்வு.

“உன் கல்யாணத்தன்னிக்கு எங்கிட்ட அந்த அட்டைய நீட்டியிருக்கணும்” என்றாள். இவளிடம் விளக்கினேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

ஜூன் 12

ஏழு வயதுப் பெண். கீழே ஒரு பால்பல் முழுக்கச் சொத்தை, உள்ளே சீழ், கன்னம் வீங்கியிருந்தது. நாற்காலியைச் சாய்த்தேன். திரும்பிப் பார்ப்பதற்குள் ஆள் கதவுக்கு வெளியே. ‘மின்னல்’ என்று பெயர் வைத்துவிட்டேன்.

அம்மா கையைப் பிடித்து அழைத்து வந்தாள். அட்டையை நீட்டினேன். மின்னல் யோசிக்கவே இல்லை, சிரிக்கும் முகத்தில் விரலை வைத்தாள். கிளிப்பிலோ துடிப்பு நூற்று ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது.

ஒன்று அட்டை பொய். இல்லையென்றால் இதயம் பொய்.

எச்சில் பஞ்சை வைக்க விட்டாள்; பல்லைத் தொட விடவில்லை. வீக்கத்துக்கு மருந்து கொடுத்து அனுப்பினோம். அடுத்த வாரமும் உட்காராவிட்டால் முழு மயக்கம் கொடுத்துத்தான் எடுக்க வேண்டும் என்றதும் அம்மாவின் முகத்தில் ரத்தமே இல்லை.

ஜூன் 13

ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியையிடம் மின்னலின் கணக்கைக் காட்டினேன். “ஒண்ணுக்கொண்ணு ஒத்துவரலன்னா அந்தக் குழந்தையை விட்டுடும்மா. ஒருத்தி போனா உன் ஆய்வு ஒண்ணும் கவுந்துடாது.”

சரிங்க மேடம் என்று சொல்லியிருக்கலாம். அவள் தாளைக் கோப்பிலிருந்து எடுக்கவில்லை.

ஜூன் 17

மின்னலின் எச்சில் முடிவு வந்தது. அதுவும் கிளிப் பக்கம்தான் பேசுகிறது.

ஜூன் 19

இன்றைக்கு நடந்ததை அப்படியே எழுதி வைக்க வேண்டும்.

அம்மா சம்மதக் கையெழுத்துப் போட்டுவிட்டு, சீட்டு வாங்க வரிசையில் நின்றிருந்தாள். மின்னலும் நானும் மட்டும் அறையில். சும்மா பேச்சுக் கொடுப்பதுபோலக் கேட்டேன்.

“அன்னிக்கு நெஜமாவே சிரிப்பா இருந்துச்சா?”

“இல்ல.”

“அப்புறம் ஏன் அந்த மூஞ்சியக் காட்டின?”

“அழற மூஞ்சியக் காட்டினா அம்மா அழுவாங்க. போன ஆஸ்பத்திரியில அழுதாங்க.”

அட்டையை நீட்டிய ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் அம்மாவோ அப்பாவோ நின்றிருக்கிறார்கள். நான்தான் நிற்கச் சொன்னேன், குழந்தைக்குத் தெம்பாக இருக்கட்டும் என்று! இன்னும் எத்தனை குழந்தைகள் அம்மாவுக்காகச் சிரித்திருக்கும்?

மறுபடி அட்டையைக் கொடுத்தேன். கதவை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். பிறகு கடைசி முகத்தில் விரலை அழுத்தினாள், நகம் வெளுக்கிற அளவுக்கு.

“சரி. பயம் அதுபாட்டுக்கு இருக்கட்டும். அதோடவே உக்காரலாமா?”

“ஊசி போடுவீங்களா?”

“போடுவேன். சுருக்குன்னு இருக்கும். நீ கையைத் தூக்கினா அந்த நிமிஷமே நிறுத்திடுவேன்.”

நிறுத்துகிறேனா என்று பார்க்கவே இரண்டு தடவை தூக்கினாள். நிறுத்தினேன். மூன்றாவது தடவை தூக்கி, “மூக்கு அரிக்குது” என்றாள். நானே சொறிந்துவிட்டேன். பல் வெளியே வந்துவிட்டது. முழு மயக்கம் வேண்டியிருக்கவில்லை. துடிப்பு கடைசிவரை பெரிதாக இறங்கவும் இல்லை. அவ்வளவு பயத்தையும் மடியில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள் அந்தக் குட்டி. என் வயிற்றில் பிறந்தவளைப் போலப் பெருமையாக இருந்தது.

அவள் சொன்னதை அம்மாவிடம் சொல்லலாமா என்று அவளிடமே கேட்டேன். தலையாட்டினாள். வெளியே போய்ச் சொன்னேன். அம்மா தன் கைகளைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: “சின்ன வயசுல என்னை நாலு பேர் அமுக்கிப் பிடிச்சுப் பல்லப் புடுங்கினாங்க டாக்டர். இந்த மருந்து வாசனை வந்தாலே கை சில்லுன்னு ஆயிடும். இவளுக்குத் தெரியாதுன்னு நெனச்சேன்.”

ஜூன் 20

நடந்ததைச் சொன்னேன். “இதுவரைக்கும் எடுத்த கணக்கெல்லாம்?” என்றார் பேராசிரியை.

“திரும்ப எடுக்கணும் மேடம். பாதிப் பேரைப் பெத்தவங்க பக்கத்துல வச்சு, பாதிப் பேரைத் தனியா.”

“ஆறு மாசம் தள்ளிப்போகும். உன்கூடச் சேர்ந்தவங்க பட்டம் வாங்கிட்டுப் போயிடுவாங்க.”

“போகட்டும் மேடம்.”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஜூன் 21

பைத்தியமா நான்? ஒரு வாயாடிக் குட்டி சொன்னதுக்காக மாசக்கணக்கில் செஞ்ச வேலையைத் தூக்கிப் போடுறேனா? வீட்டுக்காரர் கேட்டார், “சாப்பாட்டுல உப்பு போட மறந்துட்ட, என்ன யோசனை?” உப்புதான் இப்ப குறைச்சல்! — இல்லை. தப்பான அளவை வைத்துக்கொண்டு வாங்கும் பட்டம் எனக்கு வேண்டாம். அவ்வளவுதான்.

செப்டம்பர் 3

கூட்டாளிகளுக்குப் பட்டம். நானும் போய்க் கைதட்டிவிட்டு வந்தேன். பிற்பகல் நாலு குழந்தைகள்.

நவம்பர் 26

கணக்குப் போட்டாயிற்று. பெற்றவர்கள் பக்கத்தில் இருக்கும்போது அட்டை ஒரு பக்கம் போகிறது, துடிப்பும் எச்சிலும் இன்னொரு பக்கம். தனியாகக் கேட்டால் பெரும்பாலும் மூன்றும் ஒரே பேச்சு. மூன்று தடவை சரிபார்த்தேன். பொய்க்கு இடமில்லை.

பேராசிரியை முழுக்கப் படித்தார். நான் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன். பல் டாக்டர் செய்கிற வேலையா இது?

“நான் விட்டுடச் சொன்னேனே ஒரு குழந்தை, அது இவதானே?”

“ஆமா மேடம்.”

“அவளை வச்சே கட்டுரையை ஆரம்பி. நான் என்ன சொன்னேங்கிறதையும் எழுது.”

இந்த அம்மாளிடம் படித்தோம் என்று சொல்லிக்கொள்வதிலும் ஒரு பெருமை இருக்கத்தான் செய்கிறது.

டிசம்பர் 15

மின்னல் வந்திருந்தாள். ஆய்வுக்கும் இல்லை, பல்லுக்கும் இல்லை; துணைக்கு. கன்னத்தில் கை வைத்துக்கொண்டு நின்றவள் அம்மா.

பெரியவர்கள் பிரிவு கீழ்த்தளத்தில். நானே கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் அந்த அம்மா நின்றுவிட்டாள்.

“வலிக்குமா டாக்டர்?”

“கொஞ்சம். சொல்லிட்டுத்தான் செய்வாங்க.”

மகள் பக்கத்திலேயேதான் நின்றிருந்தாள். அம்மா அவளை ஒரு தடவை பார்த்துவிட்டு, குரலைத் தணிக்காமல் சொன்னாள், “எனக்குப் பயமா இருக்கு.”

நான் குழந்தையின் முகத்தைத்தான் பார்த்தேன். அழவில்லை. குனிந்து அவிழ்ந்திருந்த ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

“சரிம்மா. போயிட்டு வா” என்றாள், நிமிராமலே.