சிவப்புத் துணி கட்டிய மரங்கள்

ஜூன் 9

தம்பிக்கு,

காட்டில் இருந்த அத்தி மரத்தை நேற்றுக் காலை வெட்டிவிட்டார்கள். வெட்டியவர்கள் உன் ஆட்கள். சொன்னவர் காட்டு வாசல் காவலாளி. அடிக்கட்டையை இன்று நானே போய்ப் பார்த்தேன்.

பத்திரிகை வேலையிலிருந்து ஓய்வு பெற்று, போன வாரம்தான் அந்தக் காட்டுக்குள் முதன்முதலாகக் கால் வைத்தேன். கிளையை விட்டுவிட்டு அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாய்க் காய்த்திருந்த மரத்தை இந்த வயதில்தான் பார்க்கிறேன். அருகில் ஒன்று, பட்டை காகிதம் போல உரிந்து, உள்ளே வெளிர்பச்சையாக. இன்னொன்றின் இலையைக் கசக்கினால் எலுமிச்சை வாசனை. அத்தி என்று காவலாளி சொன்னார். மற்ற இரண்டின் பெயர் அவருக்கும் தெரியவில்லை. உன்னைக் கூட்டிப் போய்க் கேட்கலாம் என்று, அடையாளத்துக்கு என் சிவப்புத் துப்பட்டாவைக் கிழித்து மூன்றிலும் கட்டிவிட்டு வந்தேன். இப்போது மூன்றுமே இல்லை.

நோய் பிடித்த மரத்தைத் தவிர வேறெதையும் தொட மாட்டேன் என்று எத்தனை தடவை என்னிடம் பெருமையடித்திருப்பாய்? அவற்றுக்கு என்ன நோய்? சாக்குச் சொல்லாமல் எழுது.

அக்கா

ஜூன் 12

அக்காவுக்கு,

நீ கேக்கலைனாலும் சொல்றேன், நல்லா இருக்கேன். செய்தி எழுதுற மாதிரி எனக்கு எழுதாத.

நோய் பிடிச்ச மரத்துல வன ஆபீஸ்காரங்க வந்து சிவப்புத் துணி கட்டிட்டுப் போவாங்க. துணி இருந்தா வெட்டணும். இத்தனை வருஷமா நான் வெட்டு மேஸ்திரி. ஊரையெல்லாம் கேள்வி கேட்ட, என் வேலையப் பத்தி ஒரு கேள்வி கேட்டிருக்கியா? வா வான்னு கூப்பிட்டப்ப, "கொசு கடிக்கும்டா"ன்ன. இப்ப சொல்லாம கொள்ளாம போய்த் துணியக் கட்டிட்டு, என்கிட்ட கணக்குக் கேக்குற!

நல்ல மரத்தை வெட்டினேன்னு என்னை வேலைய விட்டு நிறுத்தி வச்சிருக்காங்க. துணி யார் கட்டினதுன்னு கேட்டாங்க, தெரியாதுன்னுட்டேன். உன் பேரைச் சொல்ல மாட்டேன். நீ மட்டும் இனி காட்டுப் பக்கம் தலை வச்சுப் படுக்காத.

தம்பி

ஜூன் 16

தம்பிக்கு,

துணி கட்டியவள் நான்தான் என்று இன்று அதிகாரியிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். மிச்சத் துப்பட்டாவையும் அவர் மேசையில் வைத்தேன். "ஏம்மா, துணி காயப்போட வேற இடமே கிடைக்கலையா?" என்றார். வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கேட்காதது என் தப்பு. அதற்காக என் கோபம் தணிந்துவிட்டது என்று நினைக்காதே. நீ வாயை மூடிக்கொண்டு தியாகம் செய்தது அதைவிட எரிச்சலாக இருக்கிறது. அந்தத் துப்பட்டாவில் பூ வேலை, ஓரத்தில் மணி. எந்த ஆபீஸில் மணி வைத்த துணி கொடுக்கிறார்கள்? காய்த்துத் தொங்கும் மரத்தடியில் நின்றுகொண்டு துணியை மட்டும் பார்த்திருக்கிறாய். மேஸ்திரியாம், மேஸ்திரி!

உன் வேலை பற்றிய உத்தரவு வெள்ளிக்கிழமை மாலைக்குள் வரும் என்றார் அதிகாரி. திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டேன். துப்பட்டாவை மடித்துக் கோப்புக்குள் வைத்துக் கட்டினார். எடுத்துக்கொண்டால் எழுது. இல்லையென்றால் வீட்டுக்கு வந்து சேர். நேரில் திட்ட இன்னும் நிறைய இருக்கிறது.

அக்கா