பிலிம் பெட்டிக்கு வைத்த பொட்டு

செப்டம்பர் 12, வெள்ளி

நீயே சொல்லு மாரியாத்தா, ஒரே ஒரு போட்டோ எடுக்க ஒரு காலை முழுக்கவா ஆகும்? செல்போன் என்றால் கண்ணை மூடித் திறப்பதற்குள் பத்து விழுந்துவிடும். என் அண்ணன் மகன் திருமுருகன் மெட்ராசிலிருந்து தூக்கிக்கொண்டு வந்திருக்கிற கேமரா அப்படி இல்லை. மரப்பெட்டி. ஆர்மோனியம் மாதிரி இழுத்தால் நீளுகிற கறுப்புத் துருத்தி. மூன்று கால். தலையோடு போர்த்திக்கொள்ள ஒரு கறுப்புத் துணி. ரோலும் கிடையாது, போஸ்ட் கார்டு அளவில் தாள் தாளாகப் பிலிம். "ஒரு ஆளுக்கு ஒரே தாள், அதான் என் சட்டம் அத்தை" என்கிறான்.

கஜா புயலில் தோப்பு விழுந்து, மறுபடியும் தென்னை வைத்தவர்களை அவரவர் தோப்பிலேயே நிற்க வைத்து எடுக்கிறான். பத்துப் பேர் முடிந்தது. இன்று பதினோராவதாக என் மூத்தார் பெரியகருப்பன், என் வீட்டுக்காரருக்கு அண்ணன். நெஞ்சுச் சளியில் பாதி ஆளாகிவிட்டார். போட்டோ என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற மனுஷன், இவன் கேட்டதற்காக வெள்ளைச் சட்டை போட்டு வந்தார்.

"பெரிய அத்தை, நீங்களும் பக்கத்துல நில்லுங்க" என்று என் ஓரகத்தி வெள்ளையம்மா அக்காவையும் கூப்பிட்டான்.

"போடா அங்கிட்டு. சோடியா நின்னு எடுத்தா ஆயுசு குறையும்" என்று சொல்லிவிட்டு, அக்கா குடத்தை எடுத்துக்கொண்டு மோட்டார் கொட்டகைக்குத் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டார்கள்.

"விடுப்பா, இவ நின்னா ஒன் கண்ணாடி தெறிச்சிரும்" என்றார் மூத்தார்.

என்னையும் துணிக்குள் தலையை விட்டுப் பார்க்கச் சொன்னான். உள்ளே சொரசொரப்பான கண்ணாடி. அதில் மூத்தார் தலைகீழாக நிற்கிறார். தென்னை எல்லாம் மேலேயிருந்து தொங்குகிறது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் என்னை விலக்கிவிட்டு, பிலிமைச் சொருகி, "நான் சொல்ற வரைக்கும் யாரும் அசையாதீங்க!" என்று தோப்பே கேட்கிற மாதிரி கத்தினான். டிக் என்று ஒரு சத்தம். இதற்குத்தான் காலையிலிருந்து நின்றோம்.

தண்ணிக்குப் போனவள் வர இம்புட்டு நேரமா என்று மூத்தார் அக்காவைத் திட்டிக்கொண்டே வீட்டுக்கு நடந்தார்.

செப்டம்பர் 18, வியாழன்

மருமகன் கிளம்பிவிட்டான். வடக்கே ஏதோ கல்யாண வேலையாம், பிளேனில் போகிறான். எடுத்த பிலிமை எல்லாம் ஒரு அட்டைப் பெட்டியில் வைத்து என்னிடம் கொடுத்தான். ஏர்போர்ட்டு மிசினுக்குள் போனால் கெட்டுவிடுமாம். தீபாவளி கழித்து வந்து கழுவுகிறானாம். மரப்பெட்டிக் கேமராவையும் இங்கேயே விட்டுப் போகிறான்.

"உங்க சாமி ரூம்புதான் அத்தை குளுமையா, இருட்டா இருக்கு. இங்கயே இருக்கட்டும். தொறந்துராதீங்க, வெளிச்சம் பட்டாப் போச்சு."

"நான் எதுக்குடா தொறக்குறேன்?"

பிள்ளையார் படத்துக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூசை. அரிவாள், மண்வெட்டி, தேங்காய் உரிக்கிற கம்பி, வீட்டுக்காரர் வண்டி, மோட்டார் சுவிட்ச் போர்டு, மிக்சி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாயிற்று. கேமராவுக்கும் வைத்தேன். அப்புறம் அந்த அட்டைப் பெட்டி கண்ணில் பட்டது. அவன் பிழைப்பே அதற்குள்தானே இருக்கிறது? அட்டைமேல் பொட்டு வைத்தால் உள்ளே இருக்கிற பொருளுக்குப் போய்ச் சேருமா? மனசு கேட்கவில்லை.

அவன் சொன்னதை மறக்கவில்லை ஆத்தா. டியூப் லைட்டை அணைத்தேன். சன்னலைச் சாத்தினேன். குத்துவிளக்கு மட்டும்தான் எரிந்தது. அது சாமி வெளிச்சம், அது என்ன செய்துவிடப் போகிறது?

ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று மூடி. உள்ளே கறுப்பு உறை. அதற்குள் பதினோரு தாள். ஒன்றிலும் உருவம் இல்லை, எல்லாம் வெறும் சாம்பல் நிறம். ஒவ்வொன்றுக்கும் மூலையில் சின்னதாகச் சந்தனம் வைத்து, காய்கிற வரைக்கும் விசிறிவிட்டு, இருந்தபடியே மூடிவிட்டேன். பிள்ளைக்குத் தொழில் நல்லா வரணும்.

அக்டோபர் 11, சனி

விடியக்காலம் மூத்தார் போய்விட்டார். புரட்டாசிச் சனிக்கிழமை. பெருமாள் கூப்பிட்டுக்கொண்டார் என்கிறார்கள். அக்கா இன்னும் அழவில்லை.

அக்டோபர் 13, திங்கள்

கீரமங்கலத்தில் பிளக்ஸ் போடுகிற ஜஸ்டின் கடையில் போட்டோ கேட்டார்கள். எங்கே போவது? நல்லதாக ஒன்றுகூட இல்லை. ஒரு கல்யாண வீடியோவில் பந்தியில் குனிந்து சாப்பிடுகிறார், அவ்வளவுதான். கடைசியில் ஆதார் கார்டு முகத்தை வெட்டி, ஏதோ ஒரு கோட்டு சூட்டு உடம்பில் ஒட்டி அடித்துக் கொடுத்துவிட்டார்கள். தெரு முக்கில் கட்டியிருந்தது.

அக்கா அதை ரொம்ப நேரம் பார்த்தார்கள். "தல அவுகளோடது. கழுத்துக்குக் கீழ நிக்கிற ஆளு யாருடி செவந்தி?" என்று என்னைக் கேட்டார்கள். பக்கத்தில் இருந்த பொம்பளைகள் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

சாயங்காலம் திருமுருகன் போன் பண்ணினான். "அழாதீங்க அத்தை. மாமா நம்ம பெட்டியில முழுசா இருக்காரு. படத்திறப்புக்கு நானே பெருசா பிரிண்ட் போட்டுக் கொண்டாறேன்." பக்கத்தில் இருந்த அக்காவுக்கும் அது கேட்டது. மூன்று நாளில் இப்போதுதான் அந்த முகத்தில் ஒரு தெளிச்சல்.

நான் சும்மா கேட்கிற மாதிரிக் கேட்டேன்: "ஏப்பா, இந்தக் குத்துவிளக்கு வெளிச்சம் மாதிரி பட்டா ஒண்ணும் ஆவாதுல்ல?"

சிரித்தான். "ஒரு தீக்குச்சி வெளிச்சம் போதும் அத்தை, எல்லாம் காலி."

ஆத்தா. நான் என்னத்தச் செஞ்சு வச்சிருக்கேன்.

அக்டோபர் 17, வெள்ளி

ஊர்க் கதை எல்லாம் பேசுகிற வாய் இது. இந்த ஒரு வார்த்தை மட்டும் வரமாட்டேங்குது.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி இல்லை. அக்கா சுவரில் படத்துக்கு ஆணி அடித்துவிட்டார்கள். வாசலில் நுழைந்ததும் தெரிகிற இடம். "இங்கிட்டா, கொஞ்சம் அங்கிட்டாடி?" என்று என்னைத்தான் கேட்டார்கள். "இங்கிட்டே இருக்கட்டும்க்கா" என்றேன். என் வாயாலேயே சொன்னேன்.

அக்டோபர் 24, வெள்ளி

மருமகன் வந்தான். பெட்டியை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனான். ஒரு சந்து விடாமல் துணி அடைத்து, மருந்துகளைத் தட்டுகளில் ஊற்றி வைத்து, கதவைச் சாத்தப் போனவனை மறித்தேன்.

"கழுவாதப்பா. நான் தொறந்துட்டேன்."

பூசை, பொட்டு, விளக்கு எல்லாம் சொன்னேன். அவன் கதவைச் சாத்திக்கொண்டான். உள்ளே தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. நான் வாசற்படியில் உட்கார்ந்து கந்தசஷ்டி சொன்னேன். மூன்று தரம் முடிந்தது.

கொடியில் துணி கிளிப்பில் மாட்டிக் காயப்போட்டான். பதினோரு தாளும் கரி. இந்தப் பக்கம் பார்த்தாலும் அந்தப் பக்கம் பார்த்தாலும் கரி. மூலையில் மட்டும் நான் சந்தனம் வைத்த இடம் வட்டமாகக் கொஞ்சம் வெளிறி இருக்கிறது. பதினோரு பொட்டு.

"பிலிமுக்கு சாமி வெளிச்சம், கரண்டு வெளிச்சம்னு தெரியாது அத்தை" என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பத்துப் பேரத் திரும்ப எடுத்துக்கலாம். மாமாவத்தான்..." என்று நிறுத்தினான். அப்புறம், "பிலிமே பழசு, கெட்டுப்போச்சுன்னு பெரிய அத்தைகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீங்க பேசாம இருங்க" என்றான்.

பேசாமல் இரு என்று என்னிடம் யாரும் சொன்னால் எரிச்சல் வரும். இன்று அது வரம் மாதிரி இருந்தது. நானும் தலையாட்டினேன்.

அக்டோபர் 26, ஞாயிறு

கருமாதி. கோட்டு சூட்டுப் படத்தைத்தான் திறந்தார்கள். அக்கா திருமுருகன் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒனக்கு வருத்தம் வேணாம்டா, பிலிமு கெட்டா நீ என்ன செய்வ" என்று அவனுக்கு ஆறுதல் சொன்னார்கள். நான் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். அடுத்த இலைக்குப் போனேன்.

அக்டோபர் 31, வெள்ளி

சொல்லிவிட்டேன். மாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு நேரே அக்கா வீட்டுக்குத்தான் போனேன். அவன் சொன்னது பொய், கெடுத்தது நான் என்று சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். தலை நிமிரவில்லை.

"பொட்டு வச்சியா அவுகளுக்கு?"

"பதினோரு பேருக்கும் வச்சேங்க்கா."

"சரி, போ."

திட்டவே இல்லை.

நவம்பர் 9, ஞாயிறு

அக்கா பேசுவதில்லை. நான் கொடுத்தனுப்பிய குழம்புச் சட்டி கழுவி, கவிழ்த்து, என் வாசலில் இருக்கிறது. ஆணியில் அந்தக் கோட்டு சூட்டுப் படத்தை மாட்டவில்லையாம். வெறும் ஆணி.

நவம்பர் 16, ஞாயிறு

பொழுது சாய அக்கா தானாக வந்தார்கள். உட்காரவில்லை, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"அன்னைக்கு அந்தத் துணிக்குள்ள தலைய விட்டியேடி. என்ன தெரிஞ்சிச்சு?"

"மாமா தலைகீழா தெரிஞ்சாகக்கா."

"தலைகீழா வேணாம். நேரா சொல்லு."

சொன்னேன். வெள்ளைச் சட்டை. மேல் பட்டன் போட்டிருந்தது, காலருக்குள் கழுத்து சின்னதாகத் தெரிந்தது. இடது தோளில் துண்டு. ஒரு கையைத் தென்னையில் ஊன்றியிருந்தார். உதட்டுக்குள் சிரிப்பு, யாரையோ கேலி பண்ணி முடித்த மாதிரி.

"என்னையத்தான்" என்றார்கள் அக்கா. இன்றைக்குத்தான் அழுதார்கள். நானும்.

நவம்பர் 22, சனி

தினமும் வருகிறார்கள். தினமும் முதலிலிருந்து சொல்லச் சொல்கிறார்கள். நேற்று துண்டை வலது தோள் என்று சொல்லிவிட்டேன். "இடதுன்னியே?" என்றார்கள். நான் தப்பாகச் சொன்னால் அவர் தப்பாகிவிடுவார். ஆதலால் காலையில் ஒரு தடவை எனக்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன்.

டிசம்பர் 3, புதன்

திருக்கார்த்திகை. துக்கம் விழுந்த வருஷம், இரண்டு வீட்டிலும் விளக்கு இல்லை. தெரு முழுக்க அகல் எரிய, நாங்கள் இரண்டு பேரும் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். கதையைச் சொல்லி முடித்தேன். அந்தச் சிரிப்பைச் சொன்ன இடத்தில் இன்று அக்கா அழவில்லை.

எழுந்து போகும்போது சொன்னார்கள்: "நாப்பத்தோரு வருசம் செவந்தி. ஒரு போட்டோவுலகூட நாங்க சேந்து நிக்கல. அன்னைக்கு அந்தப் பய கூப்புட்டான், நாந்தான் ஆயுசு குறையும்னு போயிட்டேன். நிக்காம போனதுக்கு மட்டும் குறையாம இருந்துச்சா?"

அவர்கள் படி இறங்கின பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது ஆத்தா. அந்தக் கண்ணாடியில் மூத்தாருக்குப் பின்னாலே, மோட்டார் கொட்டகை ஓரத்தில், இடுப்பில் குடத்தோடு ஒரு அரக்குச் சேலை தலைகீழாய் நின்றது. திருமுருகன் அசையாதீங்க என்று கத்தினதைத் தனக்கும் சேர்த்துத்தான் என்று நினைத்துக்கொண்டு, அவன் சரி என்று சொல்கிற வரைக்கும் அக்கா அதே இடத்தில் அசையாமல் நின்றார்கள்.