அசையாத கணு

சொங்க்லா,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள ரொஸ்னீ அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தம்பி நஸ்ரி எழுதுகிறேன். இங்கு எல்லோரும் நலம் என்று தொடங்கினால் நீ சிரிப்பாய். நான் நலம். மச்சான் படுத்தபடியே இருக்கிறார்.

கோலாலம்பூரிலிருந்து நீ போட்ட கடிதம் கிடைத்தது. அவர் எழுந்து நடப்பாரா, மாட்டாரா, ஆறுதல் வேண்டாம், உண்மையைச் சொல் என்று கேட்டிருக்கிறாய். வழக்கம்போல மச்சானுக்கு வாசித்துக் காட்டினேன். நீ வேலை பார்க்கும் தோம்யாம் சூப்புக் கடையின் முதலாளி உன்னைக் கட்டிக்கொள்ளக் கேட்பதைப் பற்றி நீ எழுதிய பக்கத்தை மட்டும் வாசிக்கவில்லை.

உண்மைக்கு வருகிறேன். ரப்பர் லாரியிலிருந்து விழுந்து உடைந்த முதுகை ஒட்டவைக்க, இரண்டு தடவை அவர் இடுப்பிலிருந்தே எலும்பு எடுத்து வைத்தார்கள். இரண்டும் ஒட்டவில்லை. இரண்டு பக்கமும் எடுத்தாயிற்று. எலும்புக்குப் பதிலாக வைக்கிற வெளிநாட்டுப் பொடி ஒன்று இருக்கிறது. அது காசு உள்ளவர்களின் முதுகுக்கு. முப்பது பாத் அரசு வைத்திய அட்டை வைத்திருப்பவன் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

அதனால்தான் நான் வேலை பார்க்கும் ஆராய்ச்சிப் பிராணிக்கூடத்தில் நடந்ததை உனக்கு எழுதுகிறேன். அங்கே டாக்டர் தீரவுட் அந்தப் பொடிக்கு மாற்றாக மாட்டெலும்பைச் சுட்டு வெள்ளைக் குருணையாக்கியிருக்கிறார். பத்து முயல்களின் முதுகில் அந்தக் குருணை, இன்னும் பத்துக்கு அவற்றின் சொந்த இடுப்பெலும்பு. எட்டு வாரம் நான் தீனி போட்டேன். பிறகு மயக்கத்திலேயே உயிரை முடித்து, முதுகெலும்புகளை எடுத்து வைத்தார்கள். ஒவ்வொன்றையும் கையால் வளைத்து, ஒட்டியிருக்கிறதா என்று இரண்டு இளம் டாக்டர்கள் சொல்ல வேண்டும். எதில் என்ன வைத்தது என்பது அவர்களுக்குத் தெரியக் கூடாது.

இங்கே வருடாவருடம் சோதனையில் செத்த பிராணிகளுக்காகப் பிக்குகளை அழைத்துப் புண்ணியம் செய்வார்கள். தலைமைப் பராமரிப்பாளர் சோம்ஜிட் அக்கா நல்ல மனசுக்காரி. அந்தந்த உயிருக்குப் புண்ணியம் சரியாகப் போய்ச் சேரட்டும் என்று, இன்ன எண் முயலுக்கு மாட்டெலும்பு, இன்ன எண்ணுக்குச் சொந்த எலும்பு என்று பட்டியல் எழுதி, புண்ணியத்தைத் தாரை வார்த்து நீர் ஊற்றும்போது சத்தமாக வாசித்துவிட்டார். கை கூப்பி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தது அந்த இரண்டு டாக்டர்கள்.

"எண்ணை மறைச்சிட்டாப் போச்சு சார்" என்றாராம் அவர்களில் ஒருவர். "எக்ஸ்ரேயை எண்ணோட பாத்திருக்கீங்கய்யா. எலும்பைப் பாத்தாலே எதுன்னு சொல்லிடுவீங்க" என்று கத்தினாராம் தீரவுட். சோம்ஜிட் அக்கா அழுதுகொண்டே, "முயலுக்கு நல்லது பண்ணப் போயி சாருக்குப் பாவம் பண்ணிட்டேனே" என்றாராம்.

அந்தச் சடங்குக்குப் போகாதவர்கள் கட்டிடத்திலேயே இரண்டே பேர். நானும், தரை துடைக்கும் ஹஸனாவும். ஏன் போகவில்லை என்று உனக்குச் சொல்ல வேண்டாம்.

நான்கு வருடமாக வாசலில் என் பையை மட்டும் கொட்டிச் சோதிக்கிறார்கள். கூண்டைத் தவிர எதையும் தொட விட்டதில்லை. அன்று தீரவுட் கையுறையை நீட்டி, "தம்பி, ஒரே கேள்விதான். அசையுதா, அசையலையா? என் மூஞ்சியப் பாக்காத, எலும்பக் கேளு" என்றார். ஹஸனா என் காதில், "இன்னைக்குத்தான் நம்ம கை இவங்க கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றாள். ஒட்டியதும் ஒட்டாததும் எப்படியிருக்கும் என்று பழைய எலும்புகளில் பழக்கிவிட்டு, எங்களைத் தனித்தனி அறையில் உட்கார வைத்தார்.

எல்லாவற்றுக்கும் 'அசையலை' என்று சொல்லிவிட்டால் என்ன என்று தோன்றியது, அக்கா. மறைப்பதற்கில்லை. மச்சான் முகம்தான் வந்தது. முதல் எலும்பை வளைத்தேன். மேல் கணு மீன் வால் போல ஆடியது. கீழ்க் கணுவும் ஆடியது. நடுவில் ஒரு கணு மட்டும் கல்லாக நின்றது. எட்டு வாரத்துக்கு முன் அது ஒரு கரண்டிக் குருணையாக இருந்திருக்கலாம்.  அதற்குமேல் பொய் சொல்ல வாய் வரவில்லை. ஐந்து எலும்புகளுக்கு 'அசையுது' என்றேன். ஹஸனாவும் அதே ஐந்தைத்தான் சொல்லியிருந்தாள்.

எந்த எலும்பில் என்ன வைத்தது என்று எழுதி ஒட்டியிருந்த உறையைப் பிரித்தார்கள். சொந்த எலும்பு வைத்த பத்தில் ஏழு ஒட்டியிருந்தது. மாட்டெலும்பு வைத்த பத்தில் எட்டு.

மாட்டெலும்பு வைத்த ஒன்றைத் தீரவுட் அறுத்துக் காட்டினார். வெள்ளைக் குருணைகளைச் சுற்றிப் புது எலும்பு, அதற்குள் நூல் நூலாகச் சிவப்பு. சுட்டெடுத்த மாட்டெலும்புக்குள் ரத்தம் வழி கண்டுபிடித்துப் போயிருக்கிறது. "சுப்ஹானல்லாஹ்" என்றாள் ஹஸனா.  நான் கோபக்காரன், உனக்குத் தெரியும். அந்த நிமிடம் எனக்கு யார் மேலும் கோபம் இல்லை.

மறுநிமிடம் கேட்டேன், மனிதருக்கு எப்போது என்று. "அடுத்து ஆடு. அப்புறம்தான் மனுஷன். மூணு வருஷம், அதுக்கு மேலயும் ஆகலாம். அப்பவும் உறுதி சொல்ல மாட்டேன்" என்றார்.

இதுதான் நீ கேட்ட உண்மை. இந்த வருடம் இல்லை, அடுத்த வருடமும் இல்லை. இதை மச்சானிடம் சொன்னேன். கூரையைப் பார்த்தபடியே, "அவள வெயிட் பண்ணச் சொல்லி எழுதாதடா" என்றார். எதை வாசித்தேன், எதை விட்டேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அதனால் நான் அப்படி எழுதவில்லை. நீ என்ன முடிவெடுத்தாலும் குறை சொல்லமாட்டேன். ஆனால் அதைக் கடிதத்தில் அனுப்பி என்னை வாசிக்க வைக்காதே, அக்கா. ஒருமுறை வா. அவர் கட்டிலருகே உட்கார்ந்து நீயே சொல். அல்லாஹ் உனக்குப் பலம் தரட்டும்.

உன் தம்பி,
நஸ்ரி