கெல்லனையும், பிற்பாடு முடிவாகும் ஒன்றையும்

நவம்பர் 6, செவ்வாய்

கெல்லன் இன்று காலையில் பதினேழு பெரோகி தின்றான். காலையில்! உருளைக்கிழங்கும் சீஸும் உள்ளே வைத்து அவித்த மாவுக் கொழுக்கட்டை, வெங்காயத்தோடு வெண்ணெயில் புரட்டியது. என் வீட்டுக்காரர் லைல் மதியத்துக்குத் தானியக் கிடங்குக்கு எடுத்துப்போக வைத்திருந்த பெட்டி அது. பதினைந்தில் நிறுத்தினான். 'இன்னும் ரெண்டு வச்சுக்கோ' என்று வாய்வார்த்தைக்குச் சொன்னேன், தட்டை நீட்டிவிட்டான். லைல் ரொட்டியைக் கடித்துக்கொண்டு வேலைக்குப் போனார்.

பையன் தங்கம்தான், குறை சொல்ல மாட்டேன். ஐஸ் ஹாக்கிக் குழு வெளியூர்ப் பையன்களை ஊருக்குள் வீடுவீடாகத் தங்க வைக்கிறது, எங்கள் பங்குக்கு இவன். பதினெட்டு வயது, ஆறடி நாலங்குலம், பின்வரிசையில் நின்று எதிராளிகளைத் தடுக்கிறவன். எங்கள் ஊர் டன்ரிட்ஜில் பாதிப் பேர் முதுகில் இவன் பெயர் போட்ட சட்டைதான். ஆனால் அவர்கள் யாரும் இவனுக்குச் சமைப்பதில்லையே!

சாயங்காலம் கடையில் ஒரெஸ்டைப் பார்த்தேன். லைலின் தம்பி. டயர் கடை வைத்திருக்கிறான், குழுவின் மேலாளரும் அவன்தான். "இவனை எவன் தலையிலயாவது கட்டிவிடு ஒரெஸ்ட், என்னால சமைச்சு மாளல" என்றேன். சிரித்தான். நானும் சிரித்தேன்.

நவம்பர் 8, வியாழன்

கட்டிவிட்டான்.

வெஸ்ட்ஃபோர்க் ஊர்க் குழுவுக்கு. நான் பள்ளிப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்த நேரத்தில் பையன் பெட்டியைக் கட்டி, மட்டைகளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். குளிர்பெட்டியில் ஒரு சீட்டு: 'நன்றி வெர்னாம்மா.' வாசலில் அவனுடைய வீட்டுச் செருப்பு, இரண்டு படகு மாதிரி.

நான் வேடிக்கைக்குத்தானே சொன்னேன். வேடிக்கைக்குத்தானே? ஐயோ, இந்த வாய்.

நவம்பர் 9, வெள்ளி

குழுவின் அறிவிப்பு ஆடுகளக் கதவில் ஒட்டியிருக்கிறது: 'கெல்லனையும், பிற்பாடு முடிவாகும் ஒன்றையும் கொடுத்து, மாத்யூவைப் பெறுகிறோம்.' எந்த மாத்யூ? யாருக்கும் தெரியவில்லை.

ஓய்வுபெற்ற தபால்காரர் டெல்பர்ட், ஒரெஸ்டை மேலாளர் பதவியிலிருந்து இறக்கச் சொல்லி மனு எழுதிக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். "நீதான் அவனுக்குச் சோறு போட்டவ. முதல் கையெழுத்து உன்னுதுதான் இருக்கணும்" என்றார். என்ன செய்வேன்? மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பாரே. போட்டேன். அழுத்திப் போட்டேன், தாள் கிழிந்துவிட்டது. எவ்வளவு கோபம் பாருங்கள் என்று டெல்பர்ட் அதை எல்லோருக்கும் காட்டுகிறாராம்.

நவம்பர் 21, புதன்

மாத்யூ வந்து பத்து நாள் ஆகிறது. இருபது வயது, என் தோள் உயரம். இரண்டு பெரோகி தின்றுவிட்டு "போதும், நன்றி" என்று தட்டைக் கழுவி வைக்கிறான். இது என்ன பிள்ளை? செய்தது செய்தபடி இருக்கிறது. லைல்தான் சந்தோஷமாக இருக்கிறார்.

ஆடுகளத்துக் காப்பிக் கடையில் 'பிற்பாடு முடிவாகும் ஒன்று' என்னவென்று தினம் ஒரு சண்டை. பனியைச் சமப்படுத்தும் வண்டி என்கிறான் ஒருத்தன். அடுத்த வருடத்துக் கோல்காப்பான் என்கிறான் இன்னொருத்தன். லைலைத்தான் கொடுக்கப் போகிறார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். அவர் வீட்டுக்கு வந்து, "வெஸ்ட்ஃபோர்க்ல மீன் நல்லா கிடைக்கும்ல?" என்று கேட்டார்.

டிசம்பர் 5, புதன்

ஒரெஸ்ட் கடையில் டயர் வாங்குவதில்லை என்று ஊர்க் கட்டுப்பாடு. எல்லோரும் வழுவழு டயரோடு பனியில் ஓட்டுகிறோம். இந்த வாரம் மட்டும் ஏழு வண்டி பள்ளத்தில். ஏழையும் இழுத்துப் போட்டது யார்? ஒரெஸ்ட்தான், ஊரில் இழுவை வண்டி அவன் ஒருத்தனிடம்தானே இருக்கிறது. ஏழாவது என்னுடையது. என் டயரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "பாத்துப் போங்க அண்ணி" என்றான். அவ்வளவுதான். இரண்டு திட்டு திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

டிசம்பர் 15, சனி

வெஸ்ட்ஃபோர்க் இங்கே ஆட வந்தது. கெல்லன் இடதுபக்கம் திரும்பும்போதெல்லாம் விழுந்தான். மூன்று தடவை. கடைசியில் விழுந்தபோது சொந்தக் கோல்காப்பானையும் சேர்த்துச் சாய்த்துவிட்டான். நாங்கள் ஜெயித்தோம்.

ஆட்டம் முடிவதற்குள் ஒரெஸ்ட் மகா மேதை ஆகிவிட்டான். 'அப்பவே நினைச்சேன், அவனுக்கு வேகம் பத்தாது' என்று நாற்பது பேர் என்னிடம் சொன்னார்கள். நாற்பது பேரும் மனுவில் கையெழுத்துப் போட்டவர்கள். டெல்பர்ட் சட்டை முதுகில் கெல்லனின் பெயர்மேல் கறுப்பு டேப் ஒட்டிக்கொண்டார். கட்டுப்பாடு மட்டும் தொடர்கிறது. எதற்கென்று கேட்டேன், கொள்கை என்றார்கள்.

கெல்லன் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டுப் பார்வையாளர் பக்கம் தேடினான். நான் பாப்கார்ன் இயந்திரத்துக்குப் பின்னால் குனிந்துவிட்டேன். ஐம்பத்தெட்டு வயதுப் பெண்பிள்ளை! ஒரெஸ்ட் அவனிடம் சொல்லியிருப்பானோ? 'எங்க அண்ணிதான் உன்னைத் துரத்தச் சொன்னாங்க' என்று?

ஜனவரி 6, ஞாயிறு

எங்கள் தேவாலயத்தின் பழைய நாட்காட்டிப்படி இன்றுதான் கிறிஸ்துமஸ் இரவுணவு. பன்னிரண்டு வகை, இறைச்சி இல்லாமல். இந்த வருடம் ஒரெஸ்டை அழைக்கவில்லை. அழைத்தால் ஊர் பேசும். அவன் முகத்தை நேராகப் பார்க்க என்னாலும் முடியாது, அதுதான் உண்மை.

முதல் நட்சத்திரம் தெரிந்ததும் உட்கார்ந்தோம். வழக்கப்படி வழிப்போக்கனுக்கென்று ஒரு தட்டு அதிகமாக வைத்திருந்தேன். கதவு தட்டப்பட்டது.

"வழிப்போக்கனுக்குத் தட்டு இருக்கா அண்ணி?"

பனி படிந்த மீசையோடு நிற்கிறான். லைல் சிரித்து முடிக்க ஐந்து நிமிடம் ஆனது. எனக்கு அழுகை வந்துவிட்டது, பீட்ரூட் சூப்பின் ஆவி என்று சொல்லிவிட்டேன். பாத்திரம் கழுவும்போது தனியாகக் கேட்டேன். "ஒரெஸ்ட், நான் அன்னைக்குக் கடையில சொன்னேனே, அதனாலயா?"

அவன் ஒரே தட்டை வெகுநேரம் துடைத்தான். "அதை நான் சொல்லக் கூடாது அண்ணி. வாக்குக் கொடுத்திருக்கேன்."

யாருக்கு வாக்கு? அப்படியென்றால் நான்தான் காரணம் என்றா, இல்லை என்றா? இந்த மனுஷன் டயர் விற்பதோடு நின்றிருக்கலாம்.

பிப்ரவரி 12, செவ்வாய்

கெல்லன் ஒரே மாதத்தில் எட்டு கோல். பின்வரிசைக்காரன்! மான் மாதிரி ஓடுகிறானாம், எந்தப் பக்கமும் திரும்புகிறானாம். மாத்யூ மணிக்கட்டில் கட்டோடு என் வீட்டு நாற்காலியில் இருக்கிறான். ஒரெஸ்ட் மறுபடியும் துரோகி.

டெல்பர்ட் டேப்பைப் பிய்த்தார். பெயரில் பாதி எழுத்தும் கூடவே வந்துவிட்டது.

மார்ச் 21, வியாழன்

வெளியேற்றுச் சுற்றில் வெஸ்ட்ஃபோர்க்கும் நாங்களும் ஆளுக்கு மூன்று ஆட்டம் ஜெயித்தாயிற்று, இனி தோற்பவர்கள் வெளியே. ஏழாவது ஆட்டம் ஞாயிறு சாயங்காலம், இங்கே. மாத்யூவுக்கு மணிக்கட்டு சரியாகிவிட்டது, சமையலறையில் துடைப்பத்தை வைத்துப் பயிற்சி எடுக்கிறான்.

இன்று ஒரெஸ்ட் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தான். 'பிற்பாடு முடிவாகும் ஒன்று' முடிவாகிவிட்டதாம்.

"உங்க பெரோகி அண்ணி."

கெல்லன் போன நாளிலிருந்து என் பெரோகியைப் பற்றியே பேசிப் பேசி, வெஸ்ட்ஃபோர்க் மேலாளருக்கு நாக்கில் நீர் ஊறிவிட்டதாம். முழுக் குழுவுக்கும் ஒரு வேளை விருந்து, அதுதான் ஒப்பந்தம். இதைப் பேசி முடிக்க உட்காருவதே இரண்டு தடவை பனிப்புயலில் தள்ளிப்போயிற்றாம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே வந்துவிடுவார்களாம், அன்றைக்கே போட்டுவிடச் சொல்கிறார்கள்.

ஊரே நடுங்கிக் கிடந்த அந்த ஒன்று என் அடுப்பில் இருந்திருக்கிறது! லைல் மட்டும் கொஞ்சம் ஏமாந்தாற்போல் தெரிந்தார்.

மார்ச் 24, ஞாயிறு

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்.

தேவாலயத்தின் கீழ்மண்டபம். இருபத்துமூன்று பையன்கள், ஐந்நூறு பெரோகி. நான் கள்ளம் எதுவும் செய்யவில்லை, வழக்கமான வெண்ணெய், வழக்கமான வெங்காயம். வழக்கம்போல 'இன்னும் ரெண்டு வச்சுக்கோ' என்றேன். தட்டைத் தட்டை நீட்டினார்கள். கெல்லன் மட்டும் ஒவ்வொரு மேசையாகப் போய், "டேய் போதும்டா, ஆட்டம் இருக்குடா, நான் பட்டிருக்கேன்டா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். எவன் கேட்டான்? அவன் ஆறோடு எழுந்து சமையலறைக்கு வந்தான். மெலிந்திருந்தான். ஓடி ஒளிய இங்கே பாப்கார்ன் இயந்திரம் இல்லை.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தோம். நான்தான் முந்திக்கொண்டேன். "உன்னை அனுப்பச் சொன்னது நான்தான்டா. சமைச்சு மாளலன்னு வாய்தவறிச் சொல்லிட்டேன்."

அவன் விழித்தான். பிறகு அவன் முகம் காது வரைக்கும் சிவந்தது.

"இல்ல வெர்னாம்மா. அதுக்கு ஒரு வாரம் முன்னாடியே நானே போய் ஒரெஸ்ட்கிட்டக் கேட்டேன். இருபத்திரண்டு பவுண்டு ஏறிட்டேன், திரும்ப முடியல. நீங்க இன்னும் ரெண்டு வச்சுக்கோன்னு சொன்னா, வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வரல. ஊரை விட்டுப் போறதுதான் சுலபமா இருந்துச்சு. உங்ககிட்டச் சொல்லவே கூடாதுன்னு அவர்கிட்ட சத்தியம் வாங்கிட்டேன்."

ஆக, எனக்குப் பயந்து அவன் ஓடியிருக்கிறான், அவனுக்குப் பயந்து நான் ஒளிந்திருக்கிறேன். நடுவில் ஒரெஸ்ட் நாலரை மாதமாக ஊர்த் திட்டையெல்லாம் வாங்கிக்கொண்டு, திட்டியவர்களின் வண்டியை இழுத்துக்கொண்டு இருந்திருக்கிறான். வெட்கமாக இருந்தது. சிரிப்பும் வந்தது. கரண்டியைப் போட்டுவிட்டு அவனைக் கட்டிக்கொண்டேன். என் தலை அவன் மார்புக்குத்தான் எட்டியது.

பிறகு ஆட்டம். சொல்லவும் வேண்டுமா? ஐந்நூறு பெரோகியும் அவர்களோடு சேர்ந்து பனியில் இறங்கியது. ஒருத்தன் வேலியைப் பிடித்துக்கொண்டே நின்றான். ஒருத்தன் ரப்பர் வட்டைத் துரத்திப் பாதிவழியில் மனம் மாறித் திரும்பிவிட்டான். அவர்கள் கோல்காப்பான் மண்டியிட்டான், எழவில்லை. மாத்யூ இரண்டு கோல், நாங்கள் ஆறு. கெல்லன் ஒருத்தன்தான் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாகப் பறந்தான். கடைசி நிமிடத்தில் தன் கோலிலிருந்து வட்டை எடுத்துக்கொண்டு, எங்கள் ஆட்கள் நாலு பேரைத் தாண்டி, இடதுபக்கம் — இடதுபக்கம்! — திரும்பி அடித்தான். கோல்.

அரங்கமே ஓய்ந்தது. ஒரே ஒரு ஆள் எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தாள். டன்ரிட்ஜ் சட்டை போட்டுக்கொண்டு, டன்ரிட்ஜ் கொடியை ஆட்டிக்கொண்டு. நான்தான்.

டெல்பர்ட் திரும்பிப் பார்த்தார். "வெர்னா, நீ எந்தப் பக்கம்?"

"நான் சோறு போட்ட பக்கம்" என்றேன். உட்காரவில்லை.

மார்ச் 25, திங்கள்

ஒரெஸ்ட் கடையில் நாலு டயர் மாற்றினேன். குளிர்காலமே முடியப்போகிறதே என்றான். போடு என்றேன். எனக்கு முன்னால் வரிசையில் பதினொரு வண்டி. விருந்துத் திட்டத்தை அவன் நவம்பரிலேயே போட்டுவிட்டான், உலகிலேயே சிறந்த பரிமாற்றம் இதுதான் என்று எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். அவன் இல்லை என்று எவ்வளவு சொல்லியும் கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போகிறார்கள்.

ஏப்ரல் 28, ஞாயிறு

எங்கள் ஈஸ்டர். அடுத்த சுற்றிலேயே தோற்றுவிட்டோம், அது போகட்டும். கெல்லன் நேற்றே பேருந்தில் வந்துவிட்டான். செருப்பு வாசலில் இருந்தபடியே இருந்தது, மாட்டிக்கொண்டான். மாத்யூ தட்டு வைத்தான். ஒரெஸ்டை இந்தத் தடவை முறையாக அழைத்தேன்.

பாதிச் சாப்பாட்டில் டெல்பர்ட். கையில் புது மனு. இருபதுக்கு மேல் இந்தக் குழுக்களில் இடமில்லை; மாத்யூவுக்கு வயது தாண்டிவிட்டது, அடுத்த வருடம் ஆட முடியாது. கெல்லனுக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. ஆக நாம் ஏமாந்துவிட்டோம், ஒரெஸ்டை இறக்க வேண்டும், முதல் கையெழுத்து நான் போட வேண்டுமாம். ஒரெஸ்ட் எதிரேதான் உட்கார்ந்து அவருக்கு வெங்காயத்தைத் தள்ளிக்கொடுத்துக்கொண்டிருந்தான். டெல்பர்ட் தாளை மேசையில் வைத்துவிட்டு ஒன்பது பெரோகி தின்றார். தாள் முழுக்க வெண்ணெய்.

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். "டெல்பர்ட், அவனை அனுப்பச் சொன்னதே நான்தான்."

டெல்பர்ட் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டார். "போ வெர்னா! நீயா? தாள் கிழியுற மாதிரிக் கையெழுத்துப் போட்டவளாச்சே நீ!"

ஒரெஸ்டும் கெல்லனும் தட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. சரி, கெல்லனைக் காட்டிக்கொடுக்காமல் சொல்லியாயிற்று. நம்பாதது அவர் பாடு.

கெல்லன் பன்னிரண்டில் நிறுத்தினான். நான் வாயைத் திறக்கவில்லை, சத்தியமாகத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவனாகத் தட்டை நீட்டினான்.

"சீசன் முடிஞ்சிருச்சுல்ல வெர்னாம்மா. இன்னும் ரெண்டு வைங்க."