தோத்தாத்ரி வீட்டு வடாம்

பெருங்களத்தூர்,
12-5-1973

அன்புள்ள சாராளுக்கு,

கர்த்தர் தயவால் சுகமாக இருக்கிறேன். உன் மூச்சிரைப்பு எப்படி இருக்கிறது?

இங்கே குடித்தனங்கள் பெருகி கரண்ட் போதவில்லை. அதனால் சோப்புப் பட்டறை தோத்தாத்ரி பழைய டயரை எரித்துச் சோப்புக் காய்ச்சினான். அந்தப் புகைக்குப் பயந்துதானே உன்னை ஊரிலேயே விட்டு வந்தேன்? நான் சண்டை போட்டதும் புகைபோக்கியை உயர்த்திக் கட்டினான்.

"இனிமே எல்லாம் வானத்துக்குப் போயிடும், பெரியவரே."

"வானம் என்ன குப்பைத்தொட்டியா? எங்கேயாவது இறங்கத்தான் செய்யும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

நேற்று கடற்காற்று அடித்தது. பட்டறைக்கு மேற்கே அவன் வீட்டு மொட்டைமாடியில் காய்ந்த வடாமெல்லாம் கரி! "உங்க புகையை நீங்களே சாப்பிடுங்கோ" என்று அவன் மனைவி அதையே பொரித்துத் தட்டில் வைத்துவிட்டாள். இன்று டயர் அடுப்பை இடித்துவிட்டான்.

நான் வைக்கும் குழம்பு எனக்கே சகிக்கவில்லை. ஊறுகாய் ஜாடியோடு ரயில் ஏறு. தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. ஜன்னல்களையெல்லாம் திறந்து வைத்திருக்கிறேன்.

உன்,
அசரியா