ஓட்டுநரின் குழாயில் மிளகளவு கட்டி

அன்புள்ள அப்பாவுக்கு, வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மாவின் இருமல் நின்றதா?

சிறுநீரிலேயே புற்றுநோயைக் கண்டுபிடிக்கும் இரண்டு சோதனைகளை எங்கள் ஆய்வகத்தில் ஒப்பிடுகிறோம் என்றேனே? பழையது, செல்களை நுண்ணோக்கியில் பார்ப்பது. புதியது, மரபணு மாற்றத்தைத் தேடுவது. போன மாதம் ஒரு பேருந்து ஓட்டுநருக்குப் பழைய சோதனை ஒன்றும் காட்டவில்லை. கேமரா விட்டுப் பார்த்ததில் சிறுநீர்ப்பையும் சுத்தம். எங்கள் புதிய சோதனை மட்டும் புற்றுநோய் இருக்கிறது என்றது.

"உங்க டெஸ்ட் பொய் சொல்லுதும்மா," என்றார் பெரிய டாக்டர்.

"மறுபடி செஞ்சாலும் அதேதான் சார் வருது. பைக்கு மேல இருக்கற குழாயையும் ஒரு தடவை பாத்துடுங்களேன்," என்றேன்.

பார்த்தார். சிறுநீரகத்திலிருந்து பைக்கு வரும் குழாயில் மிளகளவு கட்டி! நேற்று எடுத்துவிட்டார்கள். எங்கும் பரவவில்லை. "நான்தாம்மா தப்பு," என்று டாக்டர் எல்லோர் முன்னாலும் கைதட்டினார். ஓட்டுநரின் மனைவி என் கையை விடவேயில்லை. ஒருவரை வைத்து எதுவும் முடிவாகாது, இன்னும் நிறையப் பேரைச் சோதிக்க வேண்டும். ஆனாலும் தலைகால் புரியவில்லை அப்பா!

ஞாயிற்றுக்கிழமை போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, நீங்களும் அம்மாவும் வழக்கம்போலச் சண்டை போடுங்கள். நான் சாப்பிட்டுக்கொண்டே கேட்கிறேன்.

சோதிக்கப் புதுச் சிறுநீர் மாதிரிகள் வந்துவிட்டன, ஓடுகிறேன்.

உங்கள் மகள்