கல்லூரியிலிருந்து வந்த கவர்

கரையான்சாவடி

அன்பு மகள் சுரேகாவுக்கு,

அப்பா எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, உன்னையும் ஜெர்மனிக் குளிர் ஒன்றும் செய்யாதிருக்க வேண்டும். போனில் சொல்ல வாய் வராததால் எழுதுகிறேன். இத்துடன் உள்ள கவர் உன் பெயருக்கு வந்தது, பிரித்தது என் தப்பு. பூந்தமல்லி பக்கத்துக் கல்லூரியில் பிசிக்ஸ் சொல்லித்தர உன்னை எடுத்திருக்கிறார்கள். நீ விண்ணப்பம் போட்டதே எனக்குத் தெரியாது. படித்ததும் நின்ற இடத்திலேயே அழுதுவிட்டேன். அன்றைக்கே உன் அறையைக் கழுவிவிட்டு, ஃபேனைத் துடைத்து, எதிர் வீட்டு ஜமீலாவிடம் பொண்ணு வந்துடுவா என்றும் சொல்லிவிட்டேன். அம்மா போனபிறகு பகலில் பேச ஆளில்லாமல் ஐயப்பன்தாங்கல் டிப்போவில் பஸ் ஏறி, கடைசி ஸ்டாப் வரை போய், அதே பஸ்ஸில் திரும்பி வருகிறேன். இதை உன்னிடம் சொன்னதில்லை.

கவர் வந்ததற்கு அடுத்த ஞாயிறு வீடியோவில் வந்தாய். ஐந்து வருஷம் அளந்ததற்கு முடிவு வந்துவிட்டது, நியூட்ரினோ என்கிற அந்தக் குட்டித் துகளின் எடை இன்னும் பிடிபடவில்லை, இதற்கு மேல் இருக்காது என்று மட்டும் சொல்ல முடிகிறது என்றாய். பாவம், வெறுங்கையா என்று ஆறுதல் சொல்லப் போனேன். நீயோ சிரித்துக்கொண்டு, இன்னும் கீழ இறக்கலாம்ப்பா, கருவியையே மாத்தப் போறோம் என்று மூச்சுவிடாமல் பேசினாய். கல்லூரி பற்றி ஒரு சொல் இல்லை. எப்பம்மா வருவே என்று நான் கேட்டபோதுதான் உன் முகம் சுருங்கிவிட்டது. யாருக்காக விண்ணப்பம் போட்டாய் என்று அப்போது விளங்கியது.

பன்னிரண்டு நாள் கவர் பீரோவிலேயே கிடந்தது. அனுப்பினால் எனக்காக வந்துவிடுவாய், அனுப்பாவிட்டால் வரவே மாட்டாய், இரண்டுக்கும் பயம். இன்று காலை பஸ்ஸில், உன் நியூட்ரினோ கதையை என்னிடம் கேட்டு வைத்திருக்கும் கண்டக்டர் வேம்புலி, இன்னா நைனா, உன் பொண்ணு அத்த எடை போட்டுச்சா என்றார். இவ்வளவுக்கு மேல் இல்லை என்று கண்டுபிடித்திருக்கிறாள் என்றேன். கொஞ்சம் யோசித்தவர், அப்போ வேலை பாதில கீது, உட்டுட்டு எப்டி வரும் என்றார். இறங்கி நேரே வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

நீ வரவேண்டும் என்று ஆசையில்லை என்றால் அது பொய். அந்த வேலை பிடித்து வருவதானால் வா. எனக்காக என்றால் லீவு போட்டு வா கண்ணு, ஒரு மாதம் இருந்துவிட்டுப் போ.

எடுத்த காரியம் உனக்குக் கைகூடட்டும், நோய்நொடி அண்டாமல் நன்றாக இரு. அடுத்த மாதம் பதினைந்துக்குள் அவர்களுக்குப் பதில் போட வேண்டுமாம், எதுவானாலும் எழுதிவிடு.

உன் அப்பா,
கோதண்டம்